தெரிந்தும் ஏன் யாரும் வாய் திறப்பதில்லை? (சித்தாள் கூலியில் ஆரம்பித்து)

வைகைக்கரை:
மதுரையில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன், இப்போது பூச்சு வேலை. சனிக்கிழமை சாயங்காலம் கூலி கொடுக்கும்போதெல்லாம் ஒரு விஷயம் உறுத்துகிறது. கொத்தனாருக்குக் கூடுதல், உதவியாளுக்குக் குறைவு, அது சரி. ஆனால் உதவியாட்களிலேயே ஆணாக இருந்தால் பெரியாள், பெண்ணாக இருந்தால் சித்தாள். இரண்டு பேரும் சாந்துச் சட்டி தூக்குகிறார்கள், செங்கல் சுமக்கிறார்கள், மணல் சலிக்கிறார்கள். போதாததற்கு வேலை முடிந்ததும் சட்டி, கரண்டியைக் கழுவி வைப்பது, தண்ணீர் பிடிப்பது, டீ வாங்கப் போவது எல்லாம் அந்தப் பெண்கள் தலையில்தான். கூலி மட்டும் பெரியாளைவிட இருநூறு ரூபாய் போலக் குறைவு. கேட்டால் கொத்தனார், "பொம்பளையாளுக்கு அதுதான் சார் ரேட்டு, ஊரு பூரா அப்படித்தான்" என்றார். அதோடு பேச்சு முடிந்துவிட்டது.

ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஊதியம் என்று 1976லேயே நாட்டில் சட்டம் வந்தாயிற்று. என் மாமனார், பக்கத்து வீட்டுக்காரர், வீடு கட்டிய நண்பர்கள் என்று பலரிடம் கேட்டுப் பார்த்தேன். யாருக்கும் இது புதுத் தகவல் இல்லை, தெரிந்தேதான் கொடுத்திருக்கிறார்கள். பாகுபாட்டைப் பார்த்தும் ஏன் பேசவில்லை என்று கேட்டால் பொதுவாகப் "பயம், பிழைப்பு போய்விடும்" என்பார்கள். இங்கே வீட்டுக்காரனுக்கு யாரைப் பார்த்துப் பயம்? பணம் கொடுப்பவனே அவன்தானே. பெண்ணுக்கு இது போதும் என்று உள்ளுக்குள் ஒரு எண்ணம் கிடக்கிறது, அதனால்தான் வாய் வருவதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. மற்றவர்கள் சொல்லுங்கள்.

சாரம்கட்டி:
சார், நான் சைட் இன்ஜினியர், இந்த ரேட்டைத் தினமும் மஸ்டர் ரோலில் (ஆள், கூலிப் பதிவேட்டில்) எழுதுகிறவன். நீங்கள் சொன்னது சரிதான், ஆனால் இருநூறு ரூபாய் சின்ன விஷயம், அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. பதினெட்டு வயதில் பெரியாளாக வருகிற பையன் சும்மா இருக்கும் நேரத்தில் கரண்டியைக் கையில் எடுப்பான். கொத்தனார் ரெண்டு திட்டு திட்டிவிட்டு, "இப்படிப் பிடிடா" என்று சொல்லிக் கொடுப்பார். சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கத் தூக்குக்குண்டு விடக் கற்றுக்கொள்வான், வரிக்கல் வைப்பான், நாலைந்து வருஷத்தில் அவனும் கொத்தனார். கூடவே வேலைக்கு வந்த பெண் ஐம்பது வயதிலும் சித்தாள்தான். சாந்து எந்தப் பதத்தில் இருக்க வேண்டும் என்று கொத்தனாருக்கே சொல்லுமளவு தெரிந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். கரண்டி கைக்கு வராது.

ஏன் என்று கேட்டால் யாரும் "பெண்ணுக்குத் தெரியாது" என்று சொல்வதில்லை, அதைக் கவனியுங்கள். "பாவம், சாரத்துல ஏறிக் கால் இடறிட்டா என்ன பண்றது", "சேலையைக் கட்டிக்கிட்டு எப்படி ஏறும்" என்றுதான் சொல்வார்கள். அதே பெண் தலையில் செங்கலோடு கைப்பிடி இல்லாத படியில் ரெண்டாவது மாடிக்கு ஏறும்போது அந்தப் பாவம் யாருக்கும் வராது.

நெய்தல்:
சாரம்கட்டி கடைசியில் சொன்ன அந்த "பாவம்" மேல்தான் சமூக உளவியலில் நிறைய வேலை நடந்திருக்கிறது, அது என் துறை என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பீட்டர் கிளிக், சூசன் ஃபிஸ்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1996இல் ஒரு அளவுகோலைக் கொண்டுவந்தார்கள். பெண்ணைத் தாழ்த்தும் மனப்பான்மை ஒன்றல்ல, இரண்டு என்றார்கள். ஒன்று வெளிப்படையான பகை: பெண்கள் சின்ன விஷயத்தைப் பெரிசாக்குவார்கள், ஆண்களை அடக்கப் பார்க்கிறார்கள் என்பது போன்றது. இன்னொன்று அன்பாகப் பேசும்: பெண் மென்மையானவள், புனிதமானவள், ஆண்தான் அவளைக் காக்க வேண்டும் என்கிறது. பிறகு 19 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்து 2000இல் வெளியிட்ட ஆய்வில், முதல் வகை அதிகமாக இருக்கும் நாட்டில் இரண்டாவதும் அதிகமாகவே இருந்தது. பகை மிகுந்த நாடுகளில் பெண்களும் அந்தக் "காக்கும்" பேச்சை ஆண்கள் அளவுக்கே, சில இடங்களில் ஆண்களைவிட அதிகமாக ஏற்றுக்கொண்டார்கள். அடிக்கிற கை நிறைய இருக்கிற ஊரில் அணைக்கிற கை வேண்டித்தானே இருக்கும்.

இப்போது மௌனத்துக்கு வருவோம். ஜூலியா பெக்கர், ஸ்டீபன் ரைட் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், பெண்களுக்கு இந்த இரண்டு வகைக் கருத்துகளையும் தனித்தனியே படிக்கக் கொடுத்து, அதன்பின் பாகுபாட்டுக்கு எதிராகச் சேர்ந்து ஏதாவது செய்வார்களா என்று பார்த்தார்கள். பகைப் பேச்சைப் படித்தவர்களுக்குக் கோபம் வந்தது, ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணம் கூடியது. அன்புப் பேச்சைப் படித்தவர்களுக்கு அந்த எண்ணம் குறைந்தது, இருக்கிற நிலைமை நியாயமானதாகவே தெரிய ஆரம்பித்தது. அதனால் வைகைக்கரை சார், நம் ஊரில் மௌனத்தை வளர்ப்பது பெண்ணை வெறுப்பவன் மட்டும் இல்லை. அவனை எதிர்த்துப் பேசவாவது நாலு பேர் வருவார்கள். "பொம்பளைப் பிள்ளையை அலைய விடக் கூடாது" என்கிற நல்லவர் பேச்சுக்கு எதிராக வாய் திறக்கத்தான் ஆள் கிடையாது.

நொய்யல்:
நான் திருப்பூரில் சின்ன அளவில் ஜாப் ஒர்க் (மற்ற கம்பெனிகளின் துணி வேலையை வாங்கிச் செய்வது) எடுத்துச் செய்பவன், என் யூனிட்டில் பாதிக்கு மேல் பெண்கள். மன்னிக்கவும், எனக்கு இதில் உடன்பாடு இல்லை. மரியாதையையும் அக்கறையையும் ஆதிக்கம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் நல்லது எது, கெட்டது எது? ராத்திரி ஷிப்டு முடிந்து போகும் பெண்ணுக்கு வண்டி ஏற்பாடு செய்தால் அதுவும் தப்பா? ரேட் என்பது மார்க்கெட் முடிவு செய்வது, நான் தனியாக ஏற்றினால் ஆர்டர் பக்கத்து யூனிட்டுக்குப் போய்விடும். பெண்களே வந்து கேட்பதும் இல்லை. கேட்டால் கொடுக்கமாட்டேன் என்று நான் சொல்லவில்லை. கேட்காதவர்களுக்காக மற்றவர்கள் ஏன் இவ்வளவு பேச வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

கைமடி:
நொய்யல் அண்ணா, நானும் திருப்பூர்தான், நீங்கள் என் முதலாளியாக இருந்தாலும் இருப்பீர்கள், அதனால் பெயர் வேண்டாம். ஏன் கேட்பதில்லை என்று நான் சொல்கிறேன்.

செக்கிங் டேபிளில் எட்டுப் பேர் நிற்போம். பீஸைத் திருப்பி, தையல் விட்டிருக்கிறதா, ஆயில் கறை இருக்கிறதா பார்த்து, பிசிறு வெட்டித் தள்ள வேண்டும். எங்களைப் போலவே செக்கிங் பார்த்த ஒரு பையனுக்கு ஷிப்டுக்கு எங்களைவிட அதிகம். ஒருநாள் சம்பளக் கவர் வாங்கும்போது நான் சூப்பர்வைசரிடம் கேட்டேன். சத்தம் போட்டெல்லாம் கேட்கவில்லை. "அவன் குடும்பத்தைக் காப்பாத்தணும்மா, உனக்கு வீட்டுக்காரர் இருக்காரு" என்றார். என் வீட்டுக்காரர் படுத்த படுக்கையாக இருப்பது அவருக்கே தெரியும்.

அந்த நேரம் பக்கத்தில் நின்ற ஏழு பேரும் பீஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருத்தரும் நிமிரவில்லை. அதில் ரெண்டு பேர் என்னோடு ஒரே லைன் வீட்டில் குடியிருப்பவர்கள். கட்டிங் மாஸ்டர் ஒரு அண்ணன், ரொம்பத் தங்கமானவர், சாயங்காலம் தனியாகக் கூப்பிட்டு "நீ சொன்னது நியாயம்தான்மா, ஆனா பொம்பளைப் பிள்ளை இப்படி எல்லாருக்கும் முன்னாடி பேசலாமா, பேரு கெட்டுப்போகும்" என்றார். அவர் அதை அக்கறையில்தான் சொன்னார், எனக்குத் தெரியும். அடுத்த வாரத்திலிருந்து கூடுதல் நேர வேலையான ஒன்றரை ஷிப்டுக்கு என்னைக் கூப்பிடவில்லை. வாயாடி என்று பேர் வந்துவிட்டது. அதற்கப்புறம் அந்த டேபிளில் யார் கேட்பார்கள்? கேட்கவில்லை என்று நீங்கள் நினைக்கிறீர்கள் அண்ணா, ஒருத்தி கேட்டால் என்ன ஆகும் என்று மற்றவர்கள் பார்த்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

வண்டி ஏற்பாடு செய்வது தப்பில்லை. வண்டி விட்டதற்காகக் கூலியைக் கேட்காதே என்று சொன்னால்தான் தப்பு.

சாரம்கட்டி:
கைமடி அக்கா எழுதியதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் கட்டிங் மாஸ்டர் மாதிரி ஆட்கள் எல்லா சைட்டிலும் இருக்கிறார்கள். தனியாக வந்து நியாயம்தான் என்பார்கள், நாலு பேருக்கு முன்னால் மட்டும் சொல்லமாட்டார்கள்.

ஓஎம்ஆர் வாசி:
இது படிக்காதவர்கள் பிரச்சினை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். சென்னையில் ஐடி வேலை. போன வருஷம் எங்கள் டீமிலிருந்து ஒருவரை ஆன்சைட் (வாடிக்கையாளர் இருக்கும் வெளிநாட்டுக்கு) அனுப்ப வேண்டியிருந்தது, தகுதியில் முதலில் இருந்தவள் என் தோழி. மீட்டிங்கில் மேனேஜர் "அவங்களுக்குச் சின்னக் குழந்தை, கஷ்டப்படுத்த வேண்டாம்" என்றார். ஒருத்தரும் மறுக்கவில்லை. அவளிடம் கேட்கவே இல்லை! அனுப்பப்பட்ட ஆணுக்கு அவள் குழந்தையைவிடச் சின்னக் குழந்தை வீட்டில் இருந்தது. நான் அந்த மீட்டிங்கில் இல்லை, இருந்தவர்களிடம் பின்னால் கேட்டபோது "நல்ல எண்ணத்துலதானே சொன்னாரு" என்றார்கள். கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் கமிட்டிக்குப் போயிருக்கலாம், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் புகார்க் கமிட்டி இருந்தாக வேண்டும் என்று 2013 சட்டம் சொல்கிறது, ஆனால் அது பாலியல் தொல்லைக்கு. இதற்கு எங்கே போவது? குற்றம் செய்ததாகவே யாருக்கும் தெரியவில்லை, செய்தவருக்கும் தெரியவில்லை.

தாமிரபரணி:
நான் மட்டும் அந்த மீட்டிங்கில் இருந்திருந்தால் எழுந்து கேட்டிருப்பேன். நம் பெண்கள் கொஞ்சம் தைரியமாக இருந்தால் இதில் பாதி சரியாகிவிடும் என்பது என் கருத்து.

நெய்தல்:
தாமிரபரணி, கோபப்படாமல் கேளுங்கள், இப்படித்தான் எல்லோரும் நினைக்கிறோம். வுட்ஸிக்கா, லாஃப்ரான்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் செய்து 2001இல் வெளியிட்ட ஒரு சோதனையைச் சொல்கிறேன். வேலை நேர்காணலில் ஒரு ஆண் உங்களிடம் ஆண் நண்பர் உண்டா, பெண்கள் உள்ளாடை அணிந்து வேலைக்கு வருவது முக்கியமா என்றெல்லாம் கேட்டால் என்ன செய்வீர்கள் என்று கல்லூரிப் பெண்களிடம் கேட்டார்கள். பெரும்பாலானோர் எதிர்த்துக் கேட்பேன், பதில் சொல்லமாட்டேன் என்றார்கள், சிலர் எழுந்து போய்விடுவேன் என்றார்கள். அப்புறம் வேறு பெண்களை உண்மையான வேலை என்று நம்பவைத்து நேர்காணலுக்கு வரவழைத்து அதே கேள்விகளைக் கேட்டார்கள். ஒருவர்கூட எழுந்து போகவில்லை. எல்லோரும் பதில் சொன்னார்கள். கற்பனையில் கோபம் வரும் என்று நினைத்த இடத்தில் நேரில் வந்தது பயம்.

இதனால் ஏற்படும் கெடுதல் என்னவென்றால், நானாக இருந்தால் பேசியிருப்பேன் என்று நம்புகிறவர், பேசாமல் இருந்த பெண்ணை எடைபோட ஆரம்பிக்கிறார். "அப்போதே ஏன் சொல்லவில்லை?" என்ற கேள்வி அங்கிருந்துதான் வருகிறது.

நொய்யல் சொன்ன "பெண்களே கேட்பதில்லை"க்கும் ஒரு வார்த்தை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், ஏதாவது ஒரு காரணத்துக்காகக் கணவன் மனைவியை அடிக்கலாம் என்று ஒப்புக்கொண்ட பெண்கள் ஏறக்குறைய 45 சதவீதம், ஆண்கள் 44 சதவீதம். அதே கணக்கெடுப்பில் உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறைக்கு ஆளான பெண்களில் 77 சதவீதம் பேர் உதவியும் தேடவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. அடிப்பதில் நியாயம் இருக்கலாம் என்று ஊரே நினைக்கும்போது யாரிடம் போய்ச் சொல்வார்கள்? அந்த எண்ணத்தைப் பெண்ணும் சேர்ந்தே சுமக்கிறாள் என்பதால் அடி வலிக்கவில்லை என்று ஆகிவிடாது.

தாமிரபரணி:
அந்த நேர்காணல் ஆய்வு எனக்குத் தெரியாது, யோசிக்க வைக்கிறது. ஆனால் ஒன்று, பக்கத்தில் இருக்கும் ஆண் பேசலாமே? அவனுக்கு என்ன பயம்?

பாலைவனத்துத் தமிழன்:
அதற்கு நான் இருக்கும் ஊரிலிருந்தே ஒரு பதில் உண்டு. ரியாத்தில் வேலை பார்க்கிறேன். இங்கே இளம் திருமணமான சவுதி ஆண்களிடம் பொருளாதார ஆய்வாளர்கள் சிலர் ஒரு ஆய்வு செய்தார்கள், 2020இல் வெளியானது. பெண்கள் வீட்டுக்கு வெளியே வேலைக்குப் போகலாமா என்று தனியாகக் கேட்டபோது மிகப் பெரும்பான்மையான ஆண்கள் போகலாம் என்றார்கள். உங்கள் பக்கத்து ஆட்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டபோது, அவர்களில் பலர் எதிர்ப்பார்கள் என்று உண்மை நிலவரத்தைவிடக் கூடுதலாக நினைத்திருந்தார்கள். அதாவது எல்லோரும் உள்ளுக்குள் சரி, மற்றவனுக்குப் பயந்து வெளியே மௌனம். அப்புறம் பாதிப் பேருக்கு மட்டும் உண்மையான கணக்கைச் சொன்னார்கள். அவர்களில் மனைவியை வேலைவாய்ப்புச் சேவையில் பதிவு செய்தவர்கள் அதிகமானார்கள்.

எங்கள் ஊர்த் திருமண வீட்டில் ஒருத்தன் பெண்களைப் பற்றி மட்டமாக ஜோக் அடித்தால் பந்தியில் பத்துப் பேர் சிரிப்பார்கள். அதில் ஏழு பேருக்குப் பிடித்திருக்காது என்று நான் நினைக்கிறேன். ஆனால் ஏழு பேரும் மற்ற ஒன்பது பேரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

நாஞ்சில்:
மலையாள சினிமாவை மறந்துவிடாதீர்கள், எங்கள் பக்கத்து வீடு. 2017இல் ஒரு நடிகை தாக்கப்பட்ட பிறகு அங்கே பெண்கள் சேர்ந்து ஒரு அமைப்பு ஆரம்பித்துக் கேட்டதால்தான் திரைத்துறையில் பெண்களின் நிலையை ஆராய நீதிபதி ஹேமா கமிட்டி அமைக்கப்பட்டது. கமிட்டி 2019 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. அது வெளியே வந்தது 2024 ஆகஸ்டில், அதுவும் பல பக்கங்கள் மறைக்கப்பட்டு. நாலரை வருஷம் ஒரு அரசாங்க அலமாரியில் தூங்கியது! வெளியான சில நாட்களில் நடிகர் சங்க நிர்வாகக் குழு கூண்டோடு ராஜினாமா செய்தது. தனிமனிதர் வாய் திறக்காதது ஒரு பக்கம், பேசிய பேச்சைப் பூட்டிவைக்கும் மௌனம் இன்னொரு பக்கம். இரண்டாவதற்கு மனப்பான்மை மட்டும் காரணம் இல்லை, லாபமும் காரணம், அதையும் எழுதுங்கள்.

நொய்யல்:
நாஞ்சில் சொன்ன லாபத்தை நான் மறுக்கவில்லை, அதைத்தான் மார்க்கெட் என்று நானும் சொன்னேன். கைமடி தங்கச்சி எழுதியதை ரெண்டு தடவை படித்தேன். என் யூனிட்டில் செக்கிங்கில் ஆணும் பெண்ணும் இருக்கிறார்கள், ரேட் வித்தியாசம் இருக்கிறது. ஆனால் ஒரு யூனிட் மட்டும் மாறினால் நஷ்டம் அந்த யூனிட்டுக்குத்தான், இதில் என் கருத்து மாறவில்லை. முதலாளிகளும் தொழிற்சங்கமும் நடத்தும் கூலிப் பேச்சுவார்த்தையில் எல்லாருக்கும் சேர்த்து முடிவானால் நானும் கொடுப்பேன்.

கைமடி:
சரி அண்ணா, அந்தப் பேச்சுவார்த்தை மேஜையில் எத்தனை பெண்கள் உட்காருகிறார்கள் என்று அடுத்த தடவை பாருங்கள். உட்காருவது என்றதும் இன்னொன்று. என் தங்கை ஜவுளிக்கடையில் சேல்ஸ். கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டம் வந்தது, கேரளாவில் அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. அவள் கடையில் ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். ஃப்ளோர் சூப்பர்வைசர் பார்க்கிற பார்வையில் ஒருத்தியும் உட்காருவதில்லை. தீபாவளி நேரத்தில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நின்று கால் வீங்கி வருவாள். நாமெல்லாம்தானே அங்கே போய்ச் சேலையைப் பிரித்துக் காட்டச் சொல்கிறோம்? உட்கார்ந்தே காட்டும்மா என்று ஒரு வார்த்தை சொல்லக் காசா பணமா?

வைகைக்கரை:
எல்லோரும் எழுதியதைப் படித்தேன், நன்றி. இங்கே நடந்ததைச் சொல்கிறேன். சித்தாளுக்கும் பெரியாளுக்கும் ஒரே கூலி என்று கொத்தனாரிடம் சொன்னேன். முதலில் அவர் எதிர்த்தது பணத்துக்காக இல்லை. "சார், நீங்க குடுத்துட்டுப் போயிடுவீங்க, அடுத்த சைட்டுல இதுங்க என்கிட்ட கேக்கும்" என்றார். பெரியாட்களில் பலருக்குப் பிடிக்கவில்லை, அவர்கள் கூலியில் ஒரு பைசா குறையாவிட்டாலும். ஒருவர் மட்டும் "எங்க வீட்லயும் சித்தாளாத்தான் போகுது, குடுங்க சார்" என்றார்.

அந்தப் பெண்களில் மூத்தவர் வாங்கிக்கொண்டு, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, "வெளியில சொல்லிடாதீங்க தம்பி, வேற சைட்டுக்குக் கூப்பிடமாட்டாங்க" என்றார். நியாயமான கூலியை வாங்குவதையே ரகசியமாக வைக்க வேண்டியிருக்கிறது. ஒரு வீட்டுக்காரன் மட்டும் செய்து பயனில்லை என்ற நொய்யலின் வாதம் இந்த இடத்தில் எனக்குப் புரிகிறது. ஆனால் அதற்காக நிறுத்தப்போவதும் இல்லை.

சாரம்கட்டி:
நிறுத்தாதீர்கள் சார். ரகசியமாகக் கொடுப்பதைவிட லேபர் கான்ட்ராக்ட் பேசும்போதே உதவியாள் என்று ஒரே ரேட் போட்டு எழுதி வாங்கிவிடுங்கள். பெரியாள், சித்தாள் என்று தனித்தனி வரி இருந்தால்தான் தனித்தனி கூலி. இது வீட்டுக்காரர் போட்ட கண்டிஷன் என்றால் பழி அந்தப் பெண்கள் மேல் வராது. எழுத்தில் இருப்பதால் கொத்தனாருக்கும் மற்ற சைட்டில் பதில் சொல்லச் சுலபம்.

வைகைக்கரை:
இது நல்ல யோசனை, மேல்மாடிக்கு இப்படியே எழுதுகிறேன். இன்னொன்று கேட்க வேண்டும். அதே மூத்தவரின் மகளும் கூட வேலை செய்கிறாள், இருபத்தைந்து வயதிருக்கும், கரண்டி பிடிக்க ஆசை என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். கொத்தனார் சம்மதிப்பாரா? எங்காவது பெண்கள் கொத்தனாராக வேலை செய்வது உண்டா?

சாரம்கட்டி:
உண்டு. ஜார்க்கண்டில் தூய்மை இந்தியா கழிப்பறை கட்டும்போது ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்களுக்குக் கொத்து வேலை கற்றுக்கொடுத்தார்கள், ராணி மிஸ்திரி என்று அழைக்கிறார்கள். கேரளாவில் குடும்பஸ்ரீ என்ற அரசின் சுயஉதவித் திட்டத்துப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து முழு வீடே கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அதனால் முடியுமா என்பது கேள்வியே இல்லை.

உங்கள் கொத்தனாரிடம் அனுமதி மாதிரிக் கேட்காதீர்கள். உள்பூச்சு இன்னும் மிச்சம் இருந்தால் அலமாரி உள்பக்கம், லாஃப்ட் அடிப்பக்கம் மாதிரி வெளியே தெரியாத இடத்தை அந்தப் பெண்ணுக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். சரியில்லையென்றால் தட்டிவிட்டுத் திரும்பப் பூசிக்கொள்ளலாம், ஒரு மூட்டை சிமெண்ட்கூட ஆகாது. கற்றுக்கொடுக்கிற நாளுக்குக் கொத்தனாருக்குக் கொஞ்சம் சேர்த்துக் கொடுங்கள், முணுமுணுப்பு குறையும். சாரத்தில் ஏறும் வேலை வந்தால் சேலைக்கு மேல் சட்டை போதாது, சுடிதார் போட்டு வரச் சொல்லுங்கள். ஹெல்மெட் எல்லோருக்கும் வாங்குங்கள், அவளுக்கு மட்டும் இல்லை.

கைமடி:
சட்டியைக் கழுவும் வேலையையும் அன்றைக்கு வேறு யாராவது பார்க்க வேண்டும் அண்ணா, அதையும் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் பூசிவிட்டு வந்து அவளேதான் கழுவிக்கொண்டிருப்பாள்.